பூசணிக்காய் ஆன வேட்டைக் கோட்டு

ஆர்டிஸ் டோலெஃப்சன் இதுவரை செய்த துணிப் பூசணிக்காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எங்கள் பெர்ச் கிரீக் தேவாலயத்து மணிக்கூண்டைத் தாண்டி மேகத்தில் போய் இடிக்கும். சரி, மேகம் கொஞ்சம் அதிகம். மணிக்கூண்டும் அதிகம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குக் கீழே ஒரு விரற்கடைகூட இறங்க மாட்டேன்.

இலை உதிரத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் யார் வீட்டு வாசல்படியும் வெறுமையாக இருக்கக் கூடாது. வயலில் விளைந்த பூசணியை வைத்தால் இரண்டாவது உறைபனிக்கு அது படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடும். ஆர்டிஸின் பூசணி அழாது. அதற்கு ஒரு காசு செலவும் கிடையாது. கிழிந்த விரிப்பு, சுருங்கிப்போன கம்பளிச் சட்டை, சாயம் போன திரைச்சீலை என்று ஊரார் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அவள் வீட்டுக் கார்க்கொட்டகையில் போடுவார்கள். துணியை விரித்து, ஆப்பிள் பணியாரம் சுடும் தட்டை அதன்மேல் கவிழ்த்து, சுண்ணக்கட்டியால் கோடிழுத்து வட்டமாக வெட்டுவாள். ஓரம் முழுக்க ஓட்டுத் தையல் போட்டு நூலைச் சுண்டினால் சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். உள்ளே திணிக்கப் பழைய காலுறை, துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேர்கிற பஞ்சு, காற்றில் உருளாதிருக்க அடியில் ஒரு பிடி காய்ந்த பீன்ஸ் விதை. ஆப்பிள் மரத்துச் சுள்ளி காம்பு. ராணுவக் கம்பளியில் நறுக்கிய பச்சை இலை. முடிந்தது.

தைப்பது தேவாலயத்துக் கீழறையில், வியாழக்கிழமைதோறும், காப்பியும் வம்புமாகப் பத்துப் பெண்கள். வெட்டுவது ஆர்டிஸ் மட்டும்தான். வெட்டிய வட்டங்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கார்க்கொட்டகையில் வைத்திருப்பாள். வியாழக்கிழமை அந்தப் பெட்டி அப்படியே கீழறைக்குப் போகும். வேறு யாராவது கத்திரியைத் தொட்டால் முகம் திரும்பிவிடும்.

இவ்வளவு கெட்டிக்காரியான ஆர்டிஸுக்கு, எழுபத்தொன்றாவது வயதில், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், தலை சுற்றிப் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது நாள் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அவள் கணவர் ஓரின், ஐம்பத்தோரு வருஷமாகத் தம்பி கார்டியோடு வடக்கே காட்டுக் குடிலுக்குப் போகிறவர். வேட்டைக்குப் போகிறவன் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேலுடை போட வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் இன்னொருவன் அவனையே மான் என்று நினைத்துவிடுவான். அந்த உடைகளை இரண்டு வாரத்துக்கு முன்பே வெளியில் கொடியில் தொங்கவிட்டு, பைன் கிளைகளைச் சொருகி, மான் மோப்பம் பிடிக்காதபடி வீட்டுச் சோப்பு வாசனை போகக் காயவைப்பது ஆர்டிஸின் வேலை. இந்த வருஷம் அவள் கேட்டபோதெல்லாம் ஓரின், “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்தார். இனிப் பொறுக்க முடியாது என்று திங்கட்கிழமை அவளே வேட்டை உடைப் பெட்டியை இறக்கித் திறந்தாள். கால்சட்டை இருந்தது. தொப்பி இருந்தது. கோட்டு இல்லை.

“ஓரின், உன் கோட்டு எங்க?”

“எந்தக் கோட்டு?”

“எந்தக் கோட்டா? வேட்டைக்குப் போறதுக்குன்னு உங்கிட்ட என்ன ஒன்பது கோட்டா இருக்கு?”

“பெட்டியில இல்லையா?”

“பெட்டியில இருந்தா உங்கிட்ட எதுக்குக் கேக்கறேன்?”

ஓரின் தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். “அப்ப இல்ல போலிருக்கு,” என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு, கிழவர்கள் கூடும் தீவனக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆர்டிஸ் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நிலவறை, பரண், காரின் பின்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு, ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டு லவோனிடம் போனாள். லவோனின் வாசல்படியில் ஒரு பெரிய பூசணிக்காய், பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் அவள் உற்றுப் பார்க்காத அதன் இடுப்பில் பச்சை நூலில் ஓர் இழையோட்டு, கம்பளிப்புழு ஊர்வதுபோல.

ஆர்டிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓரின் குடிலில் அடுப்பின்மேல் சாய்ந்து கோட்டைச் சுட்டுக்கொண்டு வந்தார். ஆரஞ்சு நூல் கையில் இல்லாமல் பச்சை நூலில் அதை இழையோட்டியவள் ஆர்டிஸேதான். ஓரின் அதற்குப் ‘புழு’ என்றுகூடப் பெயர் வைத்திருந்தார். தன் கைத் தையலைத் தனக்குத் தெரியாதா?

“என்னடி, என் பூசணிகிட்ட ரகசியம் பேசறியா?” என்று கதவைத் திறந்துகொண்டு வந்தாள் லவோன்.

“லவோன், இதை யாரு வெட்டினா?”

“நீதான். போன வருஷம் நான் ரெண்டே ரெண்டு வட்டம் வெட்டினதுக்கு ஒரு வாரம் எங்கூடப் பேசலையே, மறந்துட்டியா?”

“எப்ப வெட்டினேன்?”

“என்னைக் கேட்டா? செப்டம்பர்ல உன் பெட்டி வந்துச்சு, நாங்க தச்சோம். நல்ல ஆரஞ்சா இருக்கேன்னு ஒண்ண நான் எடுத்துக்கிட்டேன். இதே துணியில இன்னும் அஞ்சாறு இருந்துச்சு. ஊர்ல அங்கங்க போயிருக்கும்.”

ஆர்டிஸ் படியில் உட்கார்ந்தாள். “இது ஓரினோட வேட்டைக் கோட்டு.”

லவோன் பூசணியைப் பார்த்தாள், ஆர்டிஸைப் பார்த்தாள், மறுபடி பூசணியைப் பார்த்தாள். “புருஷனோட கோட்டையா வெட்டினே?”

“அதான் தெரியல. வெட்டின ஞாபகமே இல்ல. லவோன், உண்மையச் சொல்லு, கொஞ்ச நாளா நான் ஒரு மாதிரி இருக்கேனா?”

“நீ எப்பவுமே ஒரு மாதிரிதான்.”

“விளையாடாத. எங்கம்மாவ நெனச்சுக்கிட்டுக் கேக்கறேன்.”

லவோனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆர்டிஸின் தாயார் செல்மாவை ஊருக்கே தெரியும். ஒரு வசந்தத்தில் ரொட்டி மாவைத் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வந்த தபாலை அடுப்பில் சுட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்கடுத்த வசந்தத்தில் மகளைப் பார்த்து, “நீ யாரும்மா, ரொம்ப நல்ல பொண்ணா இருக்கியே” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கோட்டு போனால் போகிறது. கடையில் ஆரஞ்சுக் கோட்டு குவிந்து கிடக்கிறது. ஆனால் புதிய கோட்டு வாங்கினால் பழையது என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஓரினுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், நாற்பத்துநான்கு வருஷம் அவளோடு சண்டைபோட்ட மனிதர் நாளையிலிருந்து அவளிடம் மெதுவாகப் பேசத் தொடங்குவார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்டி வண்டியோட வருவான்,” என்றாள் ஆர்டிஸ். “அதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சு, கோட்டைத் திரும்பத் தச்சிடணும்.”

“வட்டத்துலேர்ந்து கோட்டா? முட்டைப் பொரியல்லேர்ந்து முட்டை பண்ற மாதிரியில்ல இருக்கு!”

“நீ ஒத்தாசை பண்றியா, இல்லையா?”

“பண்றேன்டி. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு என்று சொல்வார்கள். பூசணிக்காய்க்குள் மறைந்த கோட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தவள் ஆர்டிஸ் ஒருத்திதான். ஊர் ஊராக என்றால் பெர்ச் கிரீக்கின் இரண்டு தெருக்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நூலகத்தில் ஒன்று கிடைத்தது. தபால் நிலையத்தில் இன்னொன்று, கோட்டுப் பை அப்படியே ஒட்டியிருக்க. அங்கிருந்த பெண், “குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா? ஏன், என்ன ஆச்சு?” என்று கேட்டாள். ஆர்டிஸுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “பூச்சி.”

அவ்வளவுதான். பெர்ச் கிரீக்கில் ஒரு சொல் தபால் நிலையத்தில் விழுந்தால் அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும், முத்திரைகூட வேண்டாம். ஆர்டிஸின் பூசணிகளில் பூச்சி! வங்கிக்காரர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுவந்து வைத்தார். பாதிரியார் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டி வந்தன. சாயங்காலம் ஓரின் வீடு திரும்பியபோது வாசலில் நூறு பூசணிக்காய்கள் இருந்தன. சரி, நாற்பத்துமூன்று. நீலம், கட்டம், பூப்போட்டது, கம்பளி என்று படி முழுக்க நிறைந்து, கதவைத் திறக்க முடியவில்லை.

“என்ன இது?” என்றார் ஓரின்.

“பூசணி.”

“அது தெரியுது. எதுக்கு இத்தனை?”

“பூச்சியாம்.”

“துணியிலயா?” ஓர் ஆரஞ்சுப் பூசணியைக் கையில் எடுத்தார். திருப்பினார். சுட்ட உருளைக்கிழங்கைத் தொட்டவர்போல உடனே கீழே வைத்துவிட்டார். “எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கப் போறியா?”

“தேவைப்பட்டா.”

“தேவையிருக்காதுன்னு நெனக்கிறேன்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மெதுவாக! ஆர்டிஸ் உள்ளே எட்டிப் பார்த்தால், ஓரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனிதர். புதன்கிழமை காலையில் படுக்கையைச் சீராக விரித்து வைத்தார். “நீ உக்காரு ஆர்டிஸ், நான் பாத்துக்கறேன்,” என்றார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவருக்குத் தெரிந்துவிட்டது. நோயாளியை நடத்துவதுபோல நடத்துகிறார்.

ஆர்டிஸ் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்தவள். வாரப் பட்டியல் தூக்கத்திலும் வரும். திங்கள் மக்ரோனி. செவ்வாய் தக்காளி சூப்பும் சீஸ் ரொட்டியும். புதன்... புதன்... வியாழன் கோழிக் குழம்பு. வெள்ளி மீன். புதன்கிழமைக் குழந்தைகள் பட்டினியாகவே வரிசையில் நின்றார்கள். அரைமணி கழித்து, லவோன் வீட்டு வேலியைத் தாண்டும்போது, “இறைச்சி உருண்டை!” என்று கத்தினாள். தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது.

லவோனின் சமையலறையில் இருவரும் ஆரஞ்சுப் பூசணிகளைப் பிரித்தார்கள். மொத்தம் ஆறு. நூலை அறுத்து, காலுறைகளை உருவி, பீன்ஸை ஒரு கிண்ணத்தில் கொட்டி, துணியை மேஜைமேல் விரித்ததும் லவோன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“ஆர்டிஸ், இது உன் கை மாதிரியே இல்லையேடி. எலி கடிச்ச மாதிரி இருக்கு.”

ஓரம் முழுக்கப் பிசிறு. ஒரு வட்டம் முட்டையாகக் கோணியிருந்தது. சுண்ணக்கோடு எங்குமே இல்லை. ஆர்டிஸ் தன் தட்டை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். துணி தட்டைவிட நாலு விரல் பெரியது.

“பாத்தியா?” என்றாள். “தட்டைக்கூட மறந்திருக்கேன். எதையோ வெச்சு, எதாலயோ வெட்டியிருக்கேன். எங்கம்மா மாதிரியேதான்.”

லவோன் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

புதன் மத்தியானமும் வியாழன் மத்தியானமும் தைத்தார்கள். அந்த வியாழன் தேவாலயத்துக் கீழறைக்கு இருவரும் போகவில்லை. இருவருக்கும் பூச்சி கடித்துக் காய்ச்சல் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கோட்டுக்கு முதுகில் இரண்டு வட்டம், மார்பில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. இடைவெளிகளை லவோனின் பழைய மேஜைவிரிப்பால் அடைத்தார்கள். சுருக்கம் போகவே இல்லை; எவ்வளவு தேய்த்தாலும் துணிக்குத் தான் பூசணியாக இருந்த ஞாபகம் போகவில்லை. கைகளுக்குத் துணி போதாமல் கையில்லாமலே விட்டார்கள். பை முதுகுப்பக்கம் தலைகீழாக வந்துவிட்டது. லவோன் போட்டுப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

“சர்க்கஸ்ல ஓய்வு வாங்கின கரடி மாதிரி இருக்கே.”

“மானுக்குச் சிரிச்சே உயிர் போயிடும். துப்பாக்கியே வேண்டாம்.”

ஆர்டிஸ் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். உடனே, எதற்குச் சிரித்தோம் என்று நினைவிருக்கிறதா என்று தன்னைச் சரிபார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்டியின் வண்டி வந்து நின்றது. அறுபத்தெட்டு வயது, ஓரினைவிட நாலு வயது சின்னவன், பத்து வயது பெரியவன்போலப் பேசுவான். வாசலில் மிச்சமிருந்த பூசணிகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தான்.

“அண்ணே, கிளம்பலாமா? அண்ணி, என்ன இது, வீட்டுக்குள்ளயே வயல் போட்டுட்டீங்களா?”

ஓரின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “கோட்டு கிடைக்கலடா. ஆர்டிஸ் தேடித் தேடிப் பாத்துட்டா. கோட்டு இல்லாமக் காட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு சட்டம். என்ன பண்றது சொல்லு.”

“வழியில கடை இருக்கே. ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“ஒம்பது நாளைக்காகவா? புதுக்கோட்டா? எனக்கு மனசு வராது.”

“அதுவும் சரிதான்,” என்றான் கார்டி உடனே. கொஞ்சம் அதிகமாகவே உடனே. “சட்டம்னா சட்டம். நானும் தனியாப் போயி என்ன செய்ய?”

அண்ணன் தம்பி இருவர் குரலிலும் துக்கம் இல்லை என்பது ஆர்டிஸின் காதில் விழுந்தது. ஆனால் அன்று அவள் தன் காதை நம்பும் நிலையில் இல்லை. அறைக்குள் போய்க் கோட்டை எடுத்துவந்து ஓரினின் மடியில் வைத்தாள்.

கார்டியின் வாய் திறந்தபடி இருந்தது. ஓரின் எழுந்து அதை மாட்டிக்கொண்டார். வயிற்றுக்குமேல் இரண்டு வட்டங்கள் உப்பி நின்றன. இடது மார்பில் பச்சைப் புழு ஊர்ந்தது. அதை விரலால் தடவினார். அவர் முகம் தொங்கிப் போயிற்று.

“இதை எப்படி ஆர்டிஸ்...”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. “நான்தான் வெட்டிட்டேன் ஓரின். எப்ப வெட்டினேன், எதுக்கு வெட்டினேன், ஒண்ணுமே ஞாபகம் இல்ல. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரியும். பாத்திரம் கழுவறே, மெதுவாப் பேசறே. எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. நீ வேட்டைக்குப் போயிட்டு வா. வந்ததும் டாக்டர்கிட்டப் போகலாம்.”

ஓரின் அந்தக் கரடிக் கோட்டோடு பொத்தென்று உட்கார்ந்தார்.

“நீ வெட்டல.”

“எனக்குச் சமாதானம் சொல்லாத.”

“அட, நீ வெட்டலங்கறேன். நான்தான் வெட்டினேன். ஆகஸ்ட் மாசம், கார்க்கொட்டகையில. பெரிய பெயிண்ட் வாளி மூடிய வெச்சு, தகரம் வெட்டற கத்திரியால. வெட்டி உன் பெட்டியில அடியில சொருகினேன். கோட்டா இருந்தா நீ கண்டுபிடிச்சுடுவே, வட்டமா இருந்தா தெரியாதுன்னு நெனச்சேன்.”

எலி கடித்த ஓரம். கோணல் வட்டம். நாலு விரல் அதிகம். ஒரு வாரமாக ஆர்டிஸின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிற்று. இறங்கிய இடத்தில் கோபம் ஏறிக்கொண்டது.

“அடப்பாவி! ஒரு வாரம்! குளியலறையில உக்காந்து புதன்கிழமைச் சாப்பாட்டைத் தேடிக்கிட்டிருந்தேன் நான். நீ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தியா?”

“குத்த உணர்ச்சில கழுவினேன்.”

“நல்லாவும் கழுவல!”

“ஆர்டிஸ், உனக்கு இப்படித் தோணும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பூசணி மொத்தமும் திரும்பி வந்தப்போ, நீ கண்டுபிடிச்சுட்டு என்னைச் சுத்தி வளைக்கறேன்னுதான் நெனச்சேன். அதான் வாயைத் திறக்கல.”

“எதுக்குடா வெட்டினே? அதைச் சொல்லு முதல்ல.”

நாற்பத்துநான்கு வருஷத்தில் அவள் அவரை ‘டா’ போட்டது இரண்டாவது தடவை. ஓரின் தம்பியின் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

“போன வருஷம் மரத்துப் பரண்ல ஏறி உக்காந்தேன். இறங்க முடியல. முட்டி மடங்கவே இல்ல. அரைமணி நேரம் அங்கேயே. அப்புறம் கார்டி வந்து தோள்ல தூக்கி இறக்கிவிட்டான், சாக்கு மூட்டையாட்டம். இனிமே வரலடான்னு இவன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? ஐம்பத்தோரு வருஷம் ஒண்ணாப் போயிருக்கோம். கோட்டு காணோம்னா சட்டத்துமேல பழியப் போட்டுட்டு உக்காந்துக்கலாம். நான் கஞ்சன்னு ஊருக்கே தெரியும், புதுசு வாங்கலேன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”

ஆர்டிஸ் கார்டியைப் பார்த்தாள். கார்டி தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பை ஒரு முழுச் சுற்று சுற்றினான்.

“அண்ணி, அண்ணன் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு,” என்றான். “தோள்ல எல்லாம் நான் தூக்கல. தூக்கறேன்னு ஏறினேன், நிஜம். ஏறினவன் நானும் இறங்க முடியாம அவர் பக்கத்துலயே உக்காந்துட்டேன். அரைமணியும் இல்ல, மூணு மணி. ரெண்டு பேரையும் கடைசில இறக்கினது பக்கத்துப் பண்ணைக்காரம்மா. டிராக்டரோட முன்வாளியில, சாணி அள்ற வாளியில.”